துருவேறிய மரையும் தூய எரிபொருளும்

நுழையும்முன்

ஒரு வண்டி ஓடுவதற்குப் பெரிய இயந்திரம் மட்டும் போதாது; அதில் உள்ள சிறு உறுப்புகளும் தத்தம் பணியைப் பிழையின்றிச் செய்தல் வேண்டும். பல ஆண்டுகளாகக் கழற்றப்படாமல் துருவேறி இறுகிய எரிபொருள் வடிகட்டியை மாற்றுவது, பழைய வண்டிகளைப் பேணுவோர் எதிர்கொள்ளும் கடினமான பணிகளுள் ஒன்று. இப்பணியில் கைவலிமையைவிடக் காரணம் அறிந்த பொறுமையே பயன்தரும் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

நெய்யரியும் வடிகட்டியும்

மாணவர்களின் இயல்புகளை வகைப்படுத்தும் பவணந்தி முனிவரின் நன்னூல், கடைமாணாக்கருக்குக் கூறும் உவமைகளுள் ஒன்று நெய்யரி. நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது அதன் இயல்பு. நல்லவற்றை நழுவவிட்டு அல்லவற்றைப் பற்றிக்கொள்ளும் மாணவருக்கு அஃது உவமையாயிற்று. மாணவருக்குக் குறையாகும் இவ்வியல்பே இயந்திரத்தில் நிறையாக மாறுகிறது. டீசல் வண்டியின் எரிபொருள் வடிகட்டி, தூய டீசலை இயந்திரத்திற்கு அனுப்பிவிட்டுத் தூசியையும் நீரையும் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது.

வீட்டில் பயன்படும் நெய்யரியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். வண்டியின் தாள் வடிகட்டியை அவ்வாறு செய்ய இயலாது. கசடு நிறைந்ததும் அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். சொல்வதற்கு எளிதான இப்பணி, பழைய வண்டிகளில் எளிதாக நிறைவுறுவதில்லை.

வடிகட்டியின் இன்றியமையாமை

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் தம் பெயரால் வழங்கும் இயந்திரத்தை 1897ஆம் ஆண்டு அவுக்சுபர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அவ்வியந்திரத்தில் தீப்பொறியை உண்டாக்கும் ஸ்பார்க் பிளக் இல்லை. உருளைக்குள் இழுக்கப்படும் காற்று, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அதனால் கடும் வெப்பமடையும் காற்றினுள் டீசல் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும்போது தானே பற்றி எரிகிறது. இவ்வாறு தெளிப்பதற்கான உட்செலுத்து பம்பைப் பாஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டு பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதன்பின் டீசல் இயந்திரம் சரக்குந்துகளில் பரவலாக இடம்பெற்றது.

தெளிப்பானின் துளை ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் விட்டமே உடையது. உட்செலுத்து பம்பின் உலக்கைக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி அதனினும் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒருசில கூறுகளே அதன் அளவு. மனிதத் தலைமயிரின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு ஆகும். எனவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல்துகளும் பம்பைக் கீறிவிடும், தெளிப்பானை அடைத்துவிடும்.

நீரால் விளையும் கேடும் சிறியதன்று. பாதி நிரம்பிய எரிபொருள் தொட்டியில், இரவின் குளிர்ச்சியால் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகப் படிகிறது. டீசலைவிட நீர் அடர்த்தி மிக்கதாதலால் அது தொட்டியின் அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிரிகள் பெருகிக் கரிய சேற்றை உண்டாக்குகின்றன. இவை அனைத்தையும் தடுத்து நிறுத்தும் இறுதிக் காவல் வடிகட்டியே.

வடிகட்டி அடைபட்டதை வண்டியே உணர்த்தும். சமதளத்தில் இயல்பாகச் செல்லும் வண்டி, சுமையுடன் மேட்டில் ஏறும்போது இழுவை இழக்கும். காலையில் இயந்திரம் எளிதில் உயிர்பெறாது. சிறிது தொலைவு ஓடி நின்றபின், ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஓடும்.

[தெரிந்து தெளிவோம்
பழைய டீசல் வண்டியில் எரிபொருள் செல்லும் வழி: தொட்டி – ஊட்டு பம்பு – வடிகட்டி – உட்செலுத்து பம்பு – தெளிப்பான். சில வண்டிகளில் இரண்டு வடிகட்டிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். முதலாவது பெரிய துகள்களையும், மடிப்புத் தாளால் ஆன இரண்டாவது நுண்துகள்களையும் தடுக்கும்.]

கழல மறுப்பது ஏன்?

1990களில் வாங்கப்பட்டு, நாள்தோறும் விடியலில் காய்கறிச் சுமையைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சிற்றூர் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மழையிலும் புழுதியிலும் நின்ற அவ்வண்டியின் வடிகட்டி நெடுங்காலமாக மாற்றப்படவில்லை. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஸ்பானரை மாட்டி முழு வலிமையுடன் திருப்புகிறார். குழாயின் மரை அசையவில்லை. அதன் அறுகோண முனைகள் மழுங்குகின்றன. மீண்டும் முயல்கிறார், குழாயே முறுக்கிக்கொள்கிறது. வடிகட்டியை மாற்ற வந்த வேலை, குழாயையும் மாற்றும் வேலையாகப் பெருகுகிறது. நாளைய சந்தைக்கு வண்டி செல்லுமா என்று உரிமையாளர் கவலையுடன் நிற்கிறார்.

இந்நிலைக்குக் காரணம் இளைஞரின் வலிமைக் குறைவன்று. மரை ஏன் இறுகியது என்பதை அவர் எண்ணிப்பாராததே ஆகும். அதற்குரிய காரணங்கள் மூன்று.

முதலாவது, துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்கிற்கும் மேலாகப் பெருகுகிறது. மரைக்கும் ஆணிக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் இவ்வாறு பெருகும் துரு, இரண்டையும் ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடுகிறது.

இரண்டாவது, இருவேறு உலோகங்களின் சேர்க்கை. வடிகட்டியின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதில் திருகப்படும் ஆணி எஃகால் ஆனது. ஈரம் படும்போது இவ்விரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதிவினை நிகழ்ந்து, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடி உண்டாகிறது. அப்பொடி புரிகளை அடைத்து இறுக்குகிறது.

மூன்றாவது, முன்னர் வேலை செய்தவரின் கவனக்குறைவு. கசிவு நேர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அளவுக்கு மீறி இறுக்குவதும், ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவாமல் பொருத்துவதும் அடுத்தவருக்குத் துன்பமாக முடிகின்றன. உலர்ந்த ரப்பர், ஆண்டுகள் கடந்ததும் உலோகத்துடன் ஒட்டிக்கொள்கிறது.

முன்னேற்பாடுகள்

எரிபொருளைக் கையாளும் பணியில் முதலிடம் பெற வேண்டியது பாதுகாப்பு. இயந்திரம் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பானும் மணல் வாளியும் அருகில் இருக்கப் பணியைத் தொடங்க வேண்டும். பெட்ரோலைப்போல் டீசல் எளிதில் பற்றாது என்னும் எண்ணத்தில் அருகில் புகைபிடிப்பதும், இறுகிய மரையை நெருப்பால் சூடேற்றுவதும் உயிருக்குக் கேடு விளைவிக்கும்.

அடுத்து, இணைப்புகளைத் திறப்பதற்குமுன் அவற்றைச் சுற்றியுள்ள சேற்றையும் துருவையும் கம்பித் தூரிகையால் துலக்கித் துடைத்தல் வேண்டும். இல்லையெனில், எந்தத் தூசியைத் தடுக்க வடிகட்டி மாற்றப்படுகிறதோ, அந்தத் தூசியே குழாய்க்குள் புகுந்துவிடும். கழற்றிய குழாய்களின் வாயை மூடுவதற்குத் தூய மூடிகளைப் பயன்படுத்த வேண்டும். பட்டறைகளில் கைதுடைக்கும் பஞ்சுக் கழிவைத் திணித்தல் கூடாது. அதன் இழைகள் உட்சென்று அடைப்பை உண்டாக்கும்.

கழற்றும் முறை

துலக்கிய இணைப்பின்மீது துருநீக்கி எண்ணெயை இட்டுக் காத்திருத்தல் முதற்படி. மிக நுண்ணிய இடைவெளியிலும் நீர்மம் தானே ஏறிச்செல்லும் நுண்புழை ஏற்றத்தால் எண்ணெய் புரிகளுக்குள் ஊடுருவும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ஓர் இரவு முழுதும் விடுவது நன்று. இடையிடையே மரையின்மீது சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால், அந்த அதிர்வில் துருவின் பிடி தளர்ந்து எண்ணெய்க்கு வழி பிறக்கும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்குச் செயலாகிறது.

கழற்றத் தொடங்கும்போது, முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் திசையில் திருப்புவது அனுபவமிக்கோர் கையாளும் முறை. இதனால் துருவின் படலம் உடையும். பின்னர்த் தளர்த்தும் திசையில் கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் சிறிது பின்வாங்கி, எண்ணெய் இட்டுத் தொடர வேண்டும். ஒரே வீச்சில் கழற்ற முயன்றால், உதிர்ந்த துரு புரிகளுக்கிடையே சிக்கி, மரை முன்னினும் இறுகும்.

பயன்படுத்தும் கருவியும் கருதத்தக்கது. இருபுறமும் திறந்த வாயுடைய சாதாரண ஸ்பானர், மரையின் ஆறு பக்கங்களுள் இரண்டை மட்டுமே பற்றும். அதனால் முனைகள் மழுங்கும். குழாய் நுழைவதற்கு மட்டும் சிறு திறப்புடைய வளைய ஸ்பானர், ஏறத்தாழ எல்லாப் பக்கங்களையும் பற்றும். மேலும், ஒரு ஸ்பானரால் வடிகட்டித் தலையின் இணைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் குழாயின் மரையைத் திருப்ப வேண்டும். இளைஞர் முறுக்கிய குழாய், இரண்டாவது ஸ்பானர் ஒன்று இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

உலோக உறையுடன் கூடிய வடிகட்டி கையால் திரும்பவில்லையெனில், பட்டைத் திருகியைப் பயன்படுத்தலாம். பட்டை வழுக்கினால் அதனடியில் உப்புத்தாள் துண்டு ஒன்றை வைப்பது பிடிப்பைத் தரும். உறையின் கீழ்ப்பகுதி நசுங்கும் தன்மையுடையது. ஆதலின் தலைப்பகுதியை ஒட்டிய இடத்தில் பட்டையை மாட்டுதல் வேண்டும். திருப்புளியை உறையில் குத்தித் திருகுவது சிலரது வழக்கம். தகடு கிழிந்து டீசல் கொட்டுவதோடு, பிடிப்பதற்கு இடமும் இல்லாமல் போகும். வேறு வழி ஏதும் இல்லாத நிலையிலேயே அதனை நாடலாம்.

வடிகட்டி கழன்றதும் ஒன்றைத் தவறாமல் பார்த்தல் வேண்டும். பழைய ரப்பர் வளையம் வடிகட்டியுடன் வந்துவிட்டதா, தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதே அது. ஒட்டியிருக்கும் வளையத்தின்மீது புதிய வளையமும் சேர்ந்தால், எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது.

சிதைந்த இணைப்புகளைச் சீர்செய்தல்

வடிகட்டியை மட்டும் மாற்றிச் சிதைந்த இணைப்புகளை அப்படியே விடுவது பணியைப் பாதியில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். பழைய டீசல் வண்டிகளில் குழாயையும் வடிகட்டியையும் இணைப்பது பெரும்பாலும் பேஞ்சோ போல்ட் எனப்படும் துளை மரையாணி. வட்டத் தலையும் நீண்ட காம்பும் உடைய பேஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியைப்போல் குழாயின் முனை தோன்றுவதால் அப்பெயர் வந்தது. ஆணியின் நடுவே உள்ள துளை வழியாக டீசல் செல்லும். குழாய்முனையின் இருபுறமும் ஒவ்வொரு செம்பு வாசர் இருக்கும்.

செம்பு மென்மையான உலோகம். ஆணியை இறுக்கும்போது வாசர் சற்று நசுங்கி, மேடுபள்ளங்களை நிரப்பிக் கசிவைத் தடுக்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடுவதால், அடுத்தமுறை அவ்வாறு நசுங்காது. பழைய வாசரைச் செந்நிறம் வரும்வரை தணலில் காய்ச்சி மீண்டும் மென்மையாக்கும் முறையைப் பட்டறைத் தொழிலாளர் அறிவர். எனினும், விலை குறைந்த புதிய வாசரை இடுவதே சிறந்தது.

மரையாணியைப் புதிதாக வாங்கும்போது அளவும் புரியும் ஒத்திருத்தல் வேண்டும். 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் உடைய துளையில், ஏறத்தாழ அதே தடிமனுள்ள அங்குல அளவு ஆணியும் ஓரிரு சுற்று நுழையும். பின் இறுகும். அதனை வலிந்து திருகினால் அலுமினியத் தலையின் புரிகள் அறுந்துவிடும். கையால் எளிதாகச் சில சுற்றுகள் செல்லும் ஆணியே அத்துளைக்கு உரியது. ஏற்கெனவே புரி அறுந்த துளையை, புரிச்சுருள் பதித்துச் சீர்செய்யலாம். விரிசல் இருப்பின் தலைப்பகுதியையே மாற்ற வேண்டும்.

ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தால், எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட குழாயை இட வேண்டும். நீர் செல்வதற்கான சாதாரண ரப்பர் குழாய், டீசல் பட்டதும் ஊறிப் பருத்து உட்புறம் உதிரத் தொடங்கும். அத்துகள்கள் மீண்டும் அடைப்புக்கே வழிகோலும்.

அவசரத்திற்குச் செய்யப்படும் சில வேலைகள் நிலைத்துவிடுவது உண்டு. கசியும் இணைப்பில் சோப்பை அப்புவதும், பழைய டியூப் கிழிசலை இறுகக் கட்டுவதும் அத்தகையவை. அவை வண்டியைப் பட்டறைவரை கொண்டுவர உதவலாம். பட்டறையை விட்டு அனுப்புவதற்கு உதவமாட்டா.

பொருத்துதலும் காற்று நீக்கலும்

புதிய வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் தூய டீசலைத் தடவி, தலைப்பகுதியைத் தொடும்வரை கையால் திருக வேண்டும். பின்னர் ஏறத்தாழ முக்கால் சுற்றுக் கையாலேயே இறுக்கினால் போதும். வடிகட்டியின்மீது தயாரிப்பாளர் அச்சிட்டுள்ள அளவு வேறாயின் அதனையே பின்பற்ற வேண்டும். இன்று பொருத்துபவர் காட்டும் இவ்வளவறிதல், பிறிதொரு நாளில் கழற்றுபவருக்குச் செய்யும் உதவியாகும்.

குழாய்களைக் கழற்றியபோது உட்புகுந்த காற்றை வெளியேற்றினாலன்றி இயந்திரம் இயங்காது. நீர்மத்தைப்போல் அல்லாமல் காற்று அழுத்தத்தில் சுருங்கிவிடுவதால், பம்பு எவ்வளவு அழுத்தினாலும் தெளிப்பான் திறப்பதில்லை. ஆகவே, வடிகட்டித் தலையில் உள்ள காற்றுநீக்கு திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்த வேண்டும். முதலில் நுரையும் குமிழிகளும் வரும். குமிழியற்ற தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். அடுத்து உட்செலுத்து பம்பின் திருகிலும் இவ்வாறே செய்தல் வேண்டும். வெளிவரும் டீசலைக் கலத்தில் பிடித்துத் தனியே சேர்க்க வேண்டும். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றலாகாது.

[எச்சரிக்கை
இயந்திரம் இயங்கும்போது தெளிப்பானுக்குச் செல்லும் குழாயில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அங்குக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். காயம் ஊசிமுனை அளவே தோன்றினாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.]

கண்ணுக்குத் தெரியும் கசிவும் தெரியாக் கசிவும்

பணி முடிந்ததும் இயந்திரத்தை இயக்கி, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஈரம் தென்பட்டால் கசிவு உண்டு என்பது பொருள். ஒரு துளிதானே என்று விடுவது தவறு. டீசல் ஆவி 250 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் தீப்பொறி இன்றியே பற்றக்கூடியது. சுமையுடன் மேடேறும் வண்டியின் புகைபோக்கி இணைப்பு அதனினும் மிகுதியாகச் சூடேறும். அதன்மேல் இடைவிடாது சொட்டும் டீசல், ஓடும் வண்டியைத் தீக்கிரையாக்கலாம்.

வெளியே தெரியாத கசிவும் ஒன்று உண்டு. தொட்டிக்கும் ஊட்டு பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் பம்பு டீசலை உறிஞ்சுகிறது. அங்குள்ள தளர்ந்த இணைப்பில் டீசல் வெளியே சொட்டாது. மாறாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். ஈரமே காணப்படாததால் குறை இல்லை என்று எண்ணப்படும். ஆனால், மறுநாள் காலை இயந்திரம் உயிர்பெறாது. மீண்டும் மீண்டும் காற்று நீக்க வேண்டியிருக்கும். புதிய வடிகட்டியைப் பழிப்பதற்குமுன், தொட்டிவரை உள்ள ஒவ்வோர் இணைப்பையும் ஆராய்தல் அறிவுடைமை.

காய்கறி வண்டியின் உரிமையாளருக்கு அன்று மாலையே வண்டி கிடைக்கவில்லை. எண்ணெய் ஊறுவதற்கு ஓர் இரவும், புதிய குழாயும் ஆணியும் வாங்கிப் பொருத்துவதற்கு அரைநாளும் ஆயின. ஒருநாள் சந்தை தவறியது. ஆனால், மேட்டில் நின்றுவிடாமலும் வழியில் தீப்பற்றாமலும் செல்லும் வண்டி அவருக்குக் கிடைத்தது. மழுங்கிய மரையைக் கையில் வைத்துப் பார்த்த இளைஞர், அடுத்த வண்டிக்கு ஸ்பானரை எடுக்குமுன் கம்பித் தூரிகையை எடுத்தார்.

ஒன்று அசைய மறுக்கும்போது, மேலும் வலிந்து தள்ளுவதைவிட அது ஏன் மறுக்கிறது என்று கேட்பதே தொழிலறிவின் தொடக்கம். அக்கேள்விக்கு விடையளிக்க வேதியியலும் இயற்பியலும் துணைநிற்கின்றன. வகுப்பறையில் கற்ற துருப்பிடித்தலும் நுண்புழை ஏற்றமும் பட்டறையில் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கின்றன.

சொல்லும் பொருளும்

நெய்யரி – நெய்யை வடிகட்டும் பன்னாடை
மரை – ஆணியில் திருகப்படும் நட்
புரி – ஆணியிலும் துளையிலும் உள்ள திருகு வரி
பட்டைத் திருகி – வளையப் பட்டையால் பற்றித் திருப்பும் கருவி
உட்செலுத்து பம்பு – டீசலை உயர் அழுத்தத்தில் தெளிப்பானுக்கு அனுப்பும் பம்பு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள வண்டிப் பட்டறைக்குச் சென்று, அங்குப் புழங்கும் கருவிகளின் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை எழுதுக.
2. ‘மரை கழன்றவன்’ என்னும் வழக்குத்தொடர் எப்பொருளில் வழங்குகிறது? இதுபோன்று கருவிகளையொட்டிப் பிறந்த தொடர்கள் சிலவற்றைத் திரட்டுக.

குறுவினா

1. இறுகிய மரையைக் கழற்றுமுன் சிறிது இறுக்கும் திசையில் திருப்புவது ஏன்?
2. செம்பு வாசரை மீண்டும் பயன்படுத்துவது ஏற்றதன்று. ஏன்?

நெடுவினா

‘வெளியே தெரியாத கசிவே பெரிதும் அலைக்கழிக்கும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.